கேப்புக்கு உள்ளே இருக்கும் பல்

"வலிதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு டாக்டர் கேப்?" வேர் சிகிச்சை முடிந்தவர்களில் சிலர் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பலர் கேட்பதுகூட இல்லை. அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து எலும்பையோ சோற்றில் கிடந்த கல்லையோ கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும். பிளவு வேருக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். வேர் சிகிச்சைக்குச் செலவழித்த பணமும் அதோடு போச்சு.

கேப் எதற்கு?

கடைவாய்ப் பல்லில் சொத்தை ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும். வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்ய நடுவில் வேறு துளைக்கிறார்கள். மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்தை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல், கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிப் பிடித்து வைக்கிறது. முன்பல்லுக்கு இந்த அளவு பாரம் இல்லை. சேதம் குறைவாக இருந்தால் அடைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேப் உட்கார இடம் வேண்டும் என்பதால் பல்லைச் சுற்றிலும் மேலேயும் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்குவார்கள். உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். ஆனால் போனால் திரும்ப வளராது. அதனால், சிரிப்பு அழகாக வேண்டும் என்பதற்காக நல்ல பற்களை வரிசையாகச் செதுக்கிக் கேப் போட்டுக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. கோணலுக்குக் கிளிப் இருக்கிறது, நிறத்துக்கு வெண்மையாக்கும் சிகிச்சை இருக்கிறது. நாளாகும்தான், பல் மிஞ்சும்.

எந்தக் கேப்?

முழு உலோகக் கேப் விலை குறைவு, உறுதி அதிகம், பல்லையும் கொஞ்சமாகத்தான் செதுக்க வேண்டும். நிறம்தான் குறை. விலை குறைந்த உலோகக் கலவைகள் பலவற்றில் நிக்கல் உண்டு. கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறது என்பவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முழுப் பீங்கான் கேப்பை 1900-களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட். அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்குக்கு இவர் தாய்வழித் தாத்தா! அந்தக் காலப் பீங்கான் எளிதில் உடைந்தது. 1960-களில் உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்ற கேப் பரவியது. இன்றும் நிறையப் பேர் வாயில் இருப்பது அதுதான். ஈறு கீழிறங்கினால் அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். சில சமயம் பீங்கான் சில்லு பெயரும். இப்போது கணினி இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் சிர்கோனியா வந்துவிட்டது. வெள்ளையாகவும் இருக்கிறது, கடைவாய்க்குத் தாங்கவும் செய்கிறது.

குழந்தைகளின் பால் கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் கேப் போடுவார்கள். பால்பல் விழும்போது அதுவும் சேர்ந்தே விழுந்துவிடும்.

செலவுதான் தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை அரசுக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. பயிற்சி மருத்துவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நடை கூடும், கட்டணம் குறையும்.

விளிம்பில்தான் விஷயம்

சிர்கோனியா கேப்போடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாரன்ட்டி அட்டை தருகிறார்கள். அதைப் பத்திரமாக பீரோவில் வைக்கிறோம். அந்த உத்தரவாதம் கேப்புக்கு. உள்ளே இருக்கும் பல்லுக்கு அல்ல. கேப் சொத்தையாகாது. கேப் முடிந்து பல் தொடங்கும் இடம், ஈறோரம், அங்கேதான் அழுக்குப் படிந்து புதுச் சொத்தை பிடிக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலித்துக் காட்டிக்கொடுக்காது. கேப்பைச் சுற்றி வாடை, அடிக்கடி உணவு சிக்குவது, ஈறில் ரத்தம், லேசான ஆட்டம் இவைதான் அறிகுறிகள். எதுவுமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவது நல்லது.

மென்மையான பிரஷ்ஷை ஈறுப்பக்கம் சாய்த்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் துலக்க வேண்டும். ஒருவேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். இரண்டு பல்லுக்கு இடையில் பிரஷ் போகாது. அங்கே பல் நூலோ, இடுக்குக்கான சின்ன பிரஷ்ஷோ வேண்டும். ஊக்கு வேண்டாம். உமிக்கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எல்லாம் பீங்கானின் மெருகையும் ஈறோரப் பல்லையும் தேய்த்துவிடும்.

முதல் சில நாட்கள்

அளவெடுத்த அன்று தற்காலிகக் கேப் வைப்பார்கள். அந்தப் பக்கம் அல்வா, ஜவ்வு மிட்டாய் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையான கேப் ஒட்டிய பிறகு வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? "பழகிடும்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்துச் சரிசெய்யச் சில நிமிடம்தான் ஆகும். விட்டால் மெல்லும்போதெல்லாம் வலிக்கும்.

பிறகு வழக்கமான சாப்பாடு எல்லாமே சாப்பிடலாம். கொட்டைப்பாக்கு, ஐஸ்கட்டி, நல்லி எலும்பு, பல்லால் சோடா மூடி திறக்கும் வீரம், இவற்றை மட்டும் விட்டுவிடலாம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவு உறை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கழன்று வந்துவிட்டால்

கேப்பை எறியாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, முடிந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து கேப் பொருந்தாமல் போகும், வெறும் பல்லும் உடையலாம். வீட்டில் இருக்கும் உடனடிப் பசையால் ஒட்டுவது கூடவே கூடாது. தளர்ந்த கேப்பை அப்படியே வைத்துக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். ஆனால் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், பல் டாக்டரைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.