சீதன வீடும் பெண்ணின் பெயரும்

‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். கல்முனைக் கரையில் அந்தத் தொடரில் எந்த ஏளனமும் இல்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மணமுடித்தவன் பெண் வீட்டுக்கே குடிபோகிறான். இடையிடையே உள்ள காரைதீவு, தம்பிலுவில் போன்ற தமிழ் ஊர்களிலும் இதுவே வழக்கம். குடி என்னும் வம்சப் பெயரும் இரு சமூகத்தாருக்கும் தாய்வழியாகவே வருகிறது. ஆனால் அந்தக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்த மரைக்காயர்மார் ஆண்களே. பெண்ணின் வழியாக வந்தது, ஆணின் கையில் இருந்தது. இக்கரையின் கதையை இந்த ஒரு முரணில் தொடங்கலாம்.

மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுமுன் வீடு எழும்ப வேண்டும். பல இடங்களில் பெற்றோர் தாம் குடியிருக்கும் வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவள் வளர வளர அந்தச் சின்ன வீடும் வளரும். நான்கு பெண்மக்கள் என்றால் நான்கு வீடு. ஆண்பிள்ளைக்கு வீடில்லை, தங்கைமாரின் வீடு முடியும்வரை தன் கலியாணப் பேச்சைத் தள்ளிப்போட்ட காக்காமார் ஊருக்கு ஊர் உண்டு.

முஸ்லிம் வாரிசுரிமைப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதி ஒப்படைத்துவிட்டால் அது இறந்தவர் சொத்தில் சேராது; பங்குக் கணக்கும் அதைத் தொடாது. மார்க்கச் சட்டத்தை மீறாமலே மகளுக்கு முதலிடம் கொடுத்த ஊர் வழக்கின் சாமர்த்தியம் இது. மேலும், முஸ்லிம் பெண்ணின் சொத்து திருமணத்தால் கணவனுக்குச் சேருவதில்லை. அவள் விரும்பியபடி விற்கலாம். தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணோ தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளும் உரிமை முழுமையாகக் கிடைத்தது 1882இல்தான். காயல்பட்டினத்திலும் சுமாத்திராவின் மினங்கபாவு மக்களிடையேயும் வீடு பெண்ணுக்குரியதே. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்படியானால் இக்கரைப் பெண் சுதந்திரமானவளா? நமது நாட்டார் கவிகளைக் கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வராது. சங்க இலக்கியம் ‘இற்செறிப்பு’ என்று சொல்கிறதே, பருவமடைந்த தலைவியை இல்லத்தினுள் இருத்துதல், அது இக்கரையின் கவிகளில் உயிரோடு இருக்கிறது. வேலிக்கு அப்பால் மச்சான் போகிறான். அவள் உள்ளே இருந்து குரலால் மட்டும் தொடர்கிறாள். வேளாண்மைக் காவலுக்குப் போனவனை எண்ணி வருந்துகிறாள்; சீதனம் கொடுக்க வழியற்ற வாப்பாவை நினைத்து ஏங்குகிறாள். வீட்டுக்குச் சொந்தக்காரியே வீட்டினுள் அடைபட்டும் இருந்தாள். ‘கிழக்கில் பெண்ணுக்கு என்ன குறை’ என்று பெருமை பேசும் நம்மவர்கள் இந்தக் கவிகளைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்பது நல்லது.

வீட்டின் விலை ஏறியபோது அதைச் சம்பாதிக்கும் பொறுப்பும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போவது இவ்வூர்களில் பழகிய செய்தியாயிற்று. மகளுக்கு வீடு கட்ட உம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போகிறாள். வாப்பா குசினியில் நிற்கிறார், அல்லது பிள்ளைகளை மூத்தம்மா பார்க்கிறாள். வேலியைத் தாண்டாதவள் கடலைத் தாண்டினாள். இதை முன்னேற்றம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை. கிழக்கின் மூதூரிலிருந்து 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் போன ரிஸானா நபீக் என்ற சிறுமிக்கு 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

அடுத்த அதிர்ச்சி 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலிலிருந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். கரையோரத்துச் சீதன வீடுகள் உறுதிகளோடு சேர்ந்து போயின. பின்னர் அரச காணியில் புது வீடுகள் வழங்கப்பட்டபோது விண்ணப்பப் படிவம் கேட்டது ‘குடும்பத் தலைவர்’ யார் என்று. தலைவர் என்றால் ஆண் என்றே எழுதிப் பழகிய நாடு. இழந்தது மனைவியின் வீடு, கிடைத்தது கணவனின் பெயரில் என்ற நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. தாயிடமிருந்து மகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாக வந்த கயிறு ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் அறுந்தது. தீங்கு செய்ய நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஊர் வழக்கம் தெரியாமலே நடந்தது. கணவன் நல்லவனாயிருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. மணமுறிவு வந்தால் யார் வெளியே போவது என்பதில் தெரியும். முன்பெல்லாம் வெளியே போனவன் அவன்.

அரச காணி விடயத்தில் இது புதிதுமன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அளிப்புக் காணிக்குப் பின்னுரித்து யாரும் குறிக்கப்படாவிட்டால் மகளைவிட மகனுக்கே முன்னுரிமை கொடுத்தது. அந்த ஏற்பாடு திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ மணமகளின் கையொப்பத்துக்குப் பதிவேட்டில் இடம் வைக்கவில்லை. அவளுக்காக அவளது வலி ஒப்பமிடுகிறார். வீட்டு உறுதியில் பெயருள்ளவளுக்குத் தன் கலியாணப் பதிவில் கையெழுத்தில்லை.

பெயர் என்ற இந்த விடயம் இலக்கியத்திலும் இருக்கிறது. கவிகளைக் கட்டிய பெண்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ ஈழத்துப் பெண் கவிஞர்களை ஒரே தொகுப்பில் கூட்டி நிறுத்தியது. சாய்ந்தமருதின் அனார் ‘எனக்குக் கவிதை முகம்’ என்று 2007இல் ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். திரைக்குப் பின்னால் குரலாக மட்டும் இருந்தவளின் வழித்தோன்றல் முகத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்றே அத்தலைப்பை நான் வாசிக்கிறேன். அவரே பிறகு கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற நூலாகவும் தந்தார். உயர்தர வகுப்புகளில் நாட்டார் பாடல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். எந்தக் கவியை உங்கள் மூத்தம்மா பாடக் கேட்டீர்கள் என்று ஒரு மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கிருந்து தானாகவே நடக்கும்.