அப்பா ஈஸ்ட் பெங்கால்னா மகனும் ஈஸ்ட் பெங்கால்தான்... கொல்கத்தாவில் கால்பந்து கிளப் பரம்பரைச் சொத்தானது எப்படி?

1975, பம்பாய். இசையமைப்பாளர் எஸ்.டி.பர்மன் நினைவிழந்து படுக்கையில் கிடக்கிறார். செப்டம்பர் 30-ம் தேதி கொல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ ஷீல்டு இறுதிப்போட்டி. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. மகன் ஆர்.டி.பர்மன் அப்பாவின் காதருகே போய் அந்த ஸ்கோரை உரக்கச் சொன்னாராம். அப்பா ஒரே ஒரு முறை கண் திறந்து பார்த்தாராம். அடுத்த மாதம் 31-ம் தேதி எஸ்.டி.பர்மன் காலமானார்.

கேட்க கொஞ்சம் சினிமா மாதிரி இருக்கும். ஆனா இந்தக் கதையை கொல்கத்தாக்காரர்கள் சொல்லும்போது யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. அப்பாவை எழுப்ப மகன் பாட்டைப் பாடவில்லை, கிளப்போட பேரைச் சொன்னார். அது அவர்களுக்கு ரொம்ப இயல்பான விஷயம்.

ஏன் அப்படி? எஸ்.டி.பர்மன் பிறந்தது கொமில்லாவில். இன்று அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. விஷயமே இங்கேதான் ஆரம்பிக்குது.

கோட்டி, பாங்கால்: யார் இவர்கள்?

கொல்கத்தாவையும் அதைச் சுற்றியுள்ள மேற்கு வங்காளத்தையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள் 'கோட்டி'. கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. பேச்சு வழக்கு வேற, சமையல் வேற. முன்னவர்களின் கிளப் மோகன் பகான், பச்சையும் மெரூனும். பின்னவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால், சிவப்பும் தங்க நிறமும்.

மோகன் பகான் 1889-ல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ ஷீல்டு இறுதிப்போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்று வென்றது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். வெள்ளைக்காரனை அவன் விளையாட்டிலேயே ஜெயித்த நாள் என்று, கிளப் ஆட்கள் இன்றும் ஜூலை 29-ஐக் கொண்டாடுகிறார்கள். ஒரு வேடிக்கை, அன்று ஆடியவர்களில் பலர் கிழக்கு வங்காளத்துக்காரர்கள். இதை இப்போது எடுத்துச் சொன்னால் இரு தரப்புமே அவ்வளவாக ரசிக்காது.

ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1-ல் பிறந்தது. மோகன் பகானுக்கு எதிரான ஒரு போட்டியில் ஜோராபகான் கிளப் தன்னுடைய வீரர் சைலேஷ் போஸை அணியில் சேர்க்கவில்லை. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி அந்தக் கோபத்தில் வெளியேறி, ஆள் சேர்த்து புதுக் கிளப்பே தொடங்கிவிட்டார்.

பிரிவினைக்குப் பிறகு என்ன ஆனது?

1947-ல் வங்காளம் இரண்டானது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு, நிலம், குளம், தென்னந்தோப்பு எல்லாத்தையும் விட்டுட்டு எல்லை தாண்டி வந்தன. ஜாதவ்பூர், பிஜய்கட் பக்கம் அகதிக் குடியிருப்புகள் எழுந்தன. சாதாரணமாக ஒரு அப்பா பிள்ளைக்கு நிலத்தைக் கொடுப்பார், வீட்டைக் கொடுப்பார். இந்த அப்பாக்கள் கையில் அது எதுவும் இல்லை. விட்டு வந்த ஊர்ப் பக்கத்தின் பெயர் மட்டும் ஒரு கிளப் பேர்ல, ஒரு ஜெர்சியில மிச்சம் இருந்தது. அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கிளப் அப்போது ஜெயித்துக்கொண்டும் இருந்தது. 1949 முதல் 1953 வரை அகமது கான், சாலே, அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ் என்ற ஐந்து பேர் கொண்ட முன்வரிசைக்கு 'பஞ்ச பாண்டவர்' என்றே பெயர். ஐவரும் நம்ம தென்னிந்தியாவில் இருந்து போனவர்கள்! வங்காளி அகதிகளுக்குத் தலை நிமிர ஒரு காரணம் கொடுத்தவர்களுக்கு வங்காளம் சொந்த ஊரே இல்லை.

மீனில்கூடவா கிளப்?

ஆமா. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா வீட்டில் ஹில்சா, அதாவது நம்மூர் உல்லம் மீன். மோகன் பகான் ஜெயிச்சா இறால். டெர்பி அன்று மாலை சந்தைக்குப் போய் எந்த மீனுக்குக் கூட்டம் என்று பார்த்தாலே ரிசல்ட் தெரிந்துவிடும்.

கோட்டியா பாங்காலா என்பது பெரும்பாலும் அப்பா வழியில்தான் முடிவாகும். கலப்புத் திருமணம் நடந்த வீடுகளில் டெர்பி நாளில் அம்மா ஒரு பக்கம், அப்பாவும் பிள்ளைகளும் ஒரு பக்கம். இந்தப் பரம்பரைக் கணக்கில் அம்மாக்களின் கிளப்பை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. அது நியாயமா என்றால், இல்லைதான்.

எல்லாமே கொண்டாட்டம்தானா?

இல்லை. 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டனில் நடந்த டெர்பியில் மோதலும் நெரிசலும் ஏற்பட்டு 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் ரத்ததான முகாம் நடக்கிறது. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் திரண்டார்கள். பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

கிளப் மாறிப்போனால்?

2020-ல் மோகன் பகானின் கால்பந்து அணி ஏ.டி.கே.வுடன் இணைந்தது. பெயர் 'ஏ.டி.கே மோகன் பகான்' ஆனது. அப்பா கொடுத்த பெயருக்கு முன்னால இன்னொரு பெயரா? 'ரிமூவ் ஏ.டி.கே' என்று ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல் கோப்பையை வென்ற கையோடு பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. இப்போது மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் சோதனை வேற மாதிரி. 2003-04-க்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேலாக தேசிய லீக் பட்டமே கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் சிவப்பு-தங்க ஜெர்சியைத்தான் போட்டார்கள். கொமில்லாவையோ டாக்காவையோ அவர்கள் பார்த்ததே இல்லை. தாத்தா இருந்த வீடு இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது.

2024 ஆகஸ்ட் 18-ல் நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தானது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதற்கு எதிராக நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆட்டம் இல்லாட்டியும் ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். இரண்டு கொடிகளும் ஒன்றாக நின்று நீதி கேட்டன.

சரி, அந்த 5-0 என்ன ஆச்சு? மோகன் பகான் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டே 34 வருடம் வளர்ந்தார்கள். 2009 அக்டோபர் 25-ல் மோகன் பகான் 5-3 என ஜெயித்தது, சிடி எடே மட்டும் நான்கு கோல். பழி தீர்த்தாச்சு என்று அப்பாக்களுக்கு போன் போட்டார்கள். எதிர் வீட்டிலும் பதில் தயார்: "நாங்க மூணு போட்டோம்ல, நீங்க அன்னைக்கு சைபர்தானே?"