பதிவேட்டில் பெயர் தேடுதல்: உழைப்பாளரின் முன்னோரும் திருச்சபையின் ஏடுகளும்

ஆயரிடம் வரும் வேண்டுகோள்களுள், பழைய பதிவேட்டில் தம் முன்னோரின் பெயரைத் தேடித் தரும்படி கேட்கும் வேண்டுகோளும் ஒன்று. வாரிசுச் சான்றுக்காகவோ பாஸ்போர்ட்டுக்காகவோ சாதிச் சான்றுக்காகவோ சிலர் வருகின்றனர். எப்பயனும் கருதாமல், தம் பாட்டனார் யார், எவ்வூரினின்று வந்தார் என்று அறிந்துகொள்ள மட்டும் வருவோரும் உளர். செல்வக் குடும்பத்தாருக்கு இத்தேவை குறைவு. பத்திரமும் பட்டாவும் அவர்தம் முன்னோரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நிலமின்றிக் கூலிக்கு உழைத்தவரின் மக்களுக்கோ திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு வரியே பல வேளைகளில் முழுச் சொத்து. ஆகவே இது எழுத்தரின் வேலை மட்டுமன்று, ஆயருடைய வேலை.

வேதாகமம் இதனைச் சிறு செய்தியாக விட்டுவிடவில்லை. சிறையிருப்பினின்று திரும்பியவர்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமற்போனதால் ஆசாரியத்துவத்தினின்று விலக்கப்பட்டதை எஸ்றா 2-ஆம் அதிகாரமும் நெகேமியா 7-ஆம் அதிகாரமும் கூறுகின்றன. அவர்கள் ஆசாரியர் அல்லர் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஏட்டில் பெயர் இல்லை, அவ்வளவே. பெயரில்லாதவனுக்கு உரிமையில்லை என்னும் நிலை அன்றே தோன்றிவிட்டது. எனினும் 1 நாளாகமம் 4-ஆம் அதிகாரத்தில், யூதாவின் குமாரனாகிய சேலாவின் வழிவந்தோரை எண்ணும் இடத்தில், மெல்லிய துணி நெய்தவர்களும் குயவர்களும் குறிக்கப்படுகின்றனர். அரசர் பட்டியல்களுக்கு இடையே தொழிலாளர் குடும்பங்கள் தொழிலின் பெயராலேயே நுழைந்துவிட்டன. பிரசங்கத்திற்கென்று எவரும் இப்பகுதியைத் தேர்ந்துகொள்வதில்லை. அது வருந்தத்தக்கது.

உழைக்கும் மக்களின் வழிமரபை ஏடுகளைக்கொண்டு தேடும் முறை இங்கிலாந்தில் மிகவும் வளர்ந்துள்ளது. நம் ஏடுகளின் அமைப்பிற் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தமையால் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1538-இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையால் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்கும் வழக்கம் தொடங்கிற்று. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு படி பேராயருக்கு அனுப்பப்பட்டது. மூல ஏடு அழிந்த இடங்களில் இன்றும் அப்படியே கைகொடுக்கிறது. 1753-இன் திருமணச் சட்டம் மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தது. எழுதத் தெரியாதவர் சிலுவைக் குறி இட்டனர். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் தொழிலுக்கென ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. நெசவாளி, சுரங்கத் தொழிலாளி, கூலி என்று ஏழையின் உழைப்பு அதன்பின் நிலையாகப் பதிவாயிற்று.

வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. ஏழைகளைப்பற்றி மிகுதியாக எழுதப்பட்டது அன்பினால் அன்று, செலவுக்கு அஞ்சியதால். 1662-இன் குடியிருப்புச் சட்டப்படி, வறியவர் ஒருவரைப் பேணும் பொறுப்பு அவருக்கு உரிமையுள்ள பங்கையே சாரும். எனவே வேலை தேடி வந்த கூலிக்காரர் நோயுற்றாலோ, கைம்பெண் ஒருத்தி கருவுற்றிருந்தாலோ, அவர்களை நீதிபதிகள் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், எவரிடம் தொழில் பயின்றாய், எங்கே ஓராண்டு வேலை செய்தாய் என வினவி எழுதிக்கொண்டு, சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பினர். அக்கொடுமையின் ஏடுகளே இன்று பேரப்பிள்ளைகளுக்கு முழு வாழ்க்கை வரலாறாக விளங்குகின்றன. அவ்வாறே 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்னி வரி விதிக்கப்பட்டு, வறியவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் வறியவர் என்று குறிக்கப்பட்டவர் எல்லாரும் வறியவர் என நம்பிவிடக் கூடாது. இரக்கமுள்ள குருவானவர் சிலரும் அவ்வாறு எழுதியிருக்கலாம்.

1837 ஜூலை முதல் அரசுப் பதிவு தொடங்கிற்று. 1841-இன் குடிமதிப்பு முதன்முதலாக ஒவ்வொரு வீட்டிலும் இருந்தோரின் பெயர்களை நாடு முழுவதற்கும் தொகுத்துவைத்தது. அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினர். 38 வயதினர் 35 எனக் காணப்படுவார். பிறந்த பங்கின் பெயர் 1851 முதலே எழுதப்பட்டது. அந்த ஒரு கட்டமே தேடுவோருக்குப் பாலம்: குடிமதிப்பில் பிறந்த ஊரைக் கண்டு, அவ்வூர்ப் பங்கின் திருமுழுக்கு ஏட்டுக்குச் செல்வர். தனியாள் விவரங்கள் நூறாண்டு மூடிவைக்கப்படும். 1921-இன் ஏடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. 1931-இன் ஏடுகள் 1942-இல் தீயில் அழிந்தன. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடைபெறவில்லை.

இனி நம் மலைச்சரிவுக்கு வருவோம். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சென்றால் குரங்கணி. அதற்கு மேலே செங்குத்தான சரிவின் தலைப்பில் டாப் ஸ்டேஷன். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டு, 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, குரங்கணி வழியாக வண்டிகளில் போடிக்குச் சென்றன. 1924-இன் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அடித்துச் சென்றது. பெட்டிகள் இறங்கிய சரிவிலேயே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்ட தமிழ்க் கூலிமக்கள் மேலேறினர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

மூணாற்றுக் கிறிஸ்து ஆலயத்தின் வரலாற்றை இங்கே நினைத்தல் பொருந்தும். 1894 டிசம்பரில், தோட்ட மேலாளர் ஹென்றி நைட் என்பவரின் இளம் மனைவி எலனார் இசபெல் காலராவினால் இறந்து மலைமேல் அடக்கம் செய்யப்பட்டார். அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டமும், பின்னர் அதன் அடிவாரத்தில் 1911-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஆலயமும் அமைந்தன. ஆலயம் எழுமுன்னரே அடக்கப் பதிவு தொடங்கிவிட்டது. அப்பெண்மணியின் பெயரை இன்றும் சுற்றுலாப் பயணிகள் அறிவர். அந்நாள்களில் அதே மலைகளில் காலராவுக்கும் மலைக்காய்ச்சலுக்கும் இரையான கூலிமக்களின் பெயர்களை யார் அறிவார்?

இவ்வேற்றுமை தற்செயலானதன்று, சட்டத்திலேயே அமைந்தது. இந்தியாவில் ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. சென்னை மாகாணத்துப் படிகள் 1698-லிருந்து தொடங்கி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சென்னையில் குடித்து இறந்த ஆங்கிலச் சிப்பாயின் பெயரையும் அங்கே காணலாம். 1872-இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோ, இந்தியக் கிறிஸ்தவரின் திருமணங்களைத் தனி ஏட்டில் எழுதவும், திருமணம் நடத்துபவர் மாறும்போது அடுத்தவரிடம் அதனை ஒப்படைக்கவும், ஏடு நிறைந்தபின் மாகாணத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பவும் விதித்தது. ஆகவே பழைய திருமண ஏடு சேகரத்தில் இல்லையெனில் உடனே கறையான் மீது பழி போட வேண்டுவதில்லை. அது முறைப்படி அனுப்பப்பட்டிருக்கலாம். திருமுழுக்கு ஏட்டுக்கும் அடக்க ஏட்டுக்கும் அவ்விதி இல்லாமையால் அவை சேகரத்திலேயே தங்கின.

குடிமதிப்பைப் பொறுத்தவரையில் நம் நிலை முற்றிலும் வேறு. இந்தியா முழுவதும் ஒரே நாளில் எடுக்கப்பட்ட முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17-ஆம் நாளுக்குரியது. ஆனால் வீட்டுக்கு வீடு எழுதிய தனியாள் பட்டியல்கள், தொகை கூட்டியபின், முன்னோரைத் தேடுவோருக்கென வைக்கப்படவில்லை. 1948-இன் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அவ்வேடுகளைப் பிறர் பார்வையிடவும் சான்றாகக் காட்டவும் தடை செய்கிறது. எனவே குரங்கணியில் எத்தனை பேர் இருந்தனர் என்பதைக் கணக்கு கூறும். யார் யார் இருந்தனர் என்பதைக் கூறாது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899-இல் சட்டம் வந்தும், மலையில் பிறந்த கூலியின் குழந்தைக்கு அது எட்டியது அரிது. இங்கிலாந்தில் மூன்று ஏடுகள் சேர்ந்து செய்யும் வேலையை இங்கே திருச்சபையின் ஒரே ஏடு செய்ய வேண்டியிருக்கிறது.

அவ்வேட்டை வாசிக்கும் முறையைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். முதலாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பழைய ஏடுகள் சிலவற்றில் திருமுழுக்குக்கு முந்திய பெயரும் எழுதப்பட்டிருக்கும். மாடன் மோசேயாகவும் இசக்கி எஸ்தராகவும் மாறுவர். ஒரே சேகரத்தில் ஞானமுத்துகள் பலர் இருப்பர். அவர்களை வேறுபடுத்த, தந்தையின் பெயரோடு ஊர், ஞானப்பெற்றோர், திருமணச் சாட்சிகள் ஆகியோரையும் எழுதிக்கொள்ள வேண்டும். இடம்பெயர்ந்த ஏழைக்குச் சாட்சியாக நின்றவர் பெரும்பாலும் அவர் ஊராரே. பாட்டனின் சொந்த ஊர் ஏட்டில் இல்லாதபோது சாட்சியின் ஊர் அதனைக் காட்டிவிடும்.

இரண்டாவது, காலம். தென்மாவட்ட ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியில் பிறக்கும் அவ்வாண்டோடு மார்கழி நடுவரை 824-உம், சனவரி முதல் 825-உம் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். 1924 ஜூலையின் வெள்ளத்தை மலையாளத்தார் 99-இன் வெள்ளம் என்று அழைப்பது கொல்லம் 1099-ஐக் குறித்தே. வயதுவந்தோரின் வயதைப் பத்தாண்டு முன்பின்னாகக் கொள்வதே நலம். முதியவரிடம் ஆண்டைக் கேளாமல், வெள்ளத்திற்கு முன்னா பின்னா, 1928-இல் போடிக்கு ரயில் வந்தபோது நடக்கத் தெரியுமா என்று தம் தாய்தந்தையர் சொல்லக் கேட்டதைக் கேட்க வேண்டும். பாட்டிமாரின் நினைவு பல ஏடுகளினும் திருத்தமானது.

மூன்றாவது, எல்லை. 1956 நவம்பர் 1-இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. சரிவும் அதற்கு அப்பாலுள்ள மூணாற்றுத் தோட்டங்களும் வெவ்வேறு மாநிலங்களில் நிற்கின்றன, பேராயங்களும் வெவ்வேறு. பெரியகுளத்தை ஒரு நிலையமாகக் கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷன் சபையாட்சி மரபினது; திருநெல்வேலியிலிருந்து வந்தோர் ஆங்கிலிக்கன் மரபினர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதற்கு முன் இவ்விரு மரபுகளும் ஏடு எழுதிய முறை ஒன்றன்று. மதுரை மிஷனின் தலைமைச் சங்கத்துத் தாள்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்திலும், சி.எம்.எஸ். தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. மிஷனெரிகளின் கடிதங்களில் உபதேசியாரின் பெயர் கிடைக்கலாம். கூலிக்காரரின் பெயர் கிடைத்தல் அரிது. தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் இருந்திருக்கும், கூலி கணக்கிடும் பொருட்டு. ஏலத்தோட்ட வேலைக்கோ, இன்றும் போடியிலிருந்து ஜீப்புகளில் காலையில் ஏறி மாலையில் இறங்குவோர் உளர். லயத்தில் தங்காத இவர்களைத் தோட்டத்து ஏடு தேடினால் காண்பது எப்படி? அவர்களுடைய சான்று கீழேயுள்ள சபையில்தான்.

ஏடு இல்லாமை மக்களை என்ன செய்யும் என்பதற்கு இலங்கையின் மலையகம் பெரிய சாட்சி. 1948-இன் குடியுரிமைச் சட்டம், ஒருவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயங்களில் பிறந்த பலரிடம் அச்சான்று இல்லை. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, நாடற்றுப்போன அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஸ்றாவின் பட்டியலைக் காட்டிலும் கடுமையான பட்டியல் இது.

ஏடு இருத்தலாலும் இடர் உண்டு. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்னும் நிலை இந்துக்களுக்கே முதலில் உரியதாயிற்று, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த புதுச்சேரி வழக்கொன்றில், சான்று மறுக்கப்பட்ட பெண்ணுக்கு எதிராக நின்றவற்றுள் திருமுழுக்குப் பதிவும் ஒன்று. அன்பின் அடையாளமாக நாம் எழுதும் வரி மறுதலைச் சான்றாகிறது. ஆதலால் பழைய ஏட்டில் சாதி எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அதனை அடித்துத் திருத்த விரும்பும் ஆயரும் உளர். அது செய்யத்தகாதது என்பது என் துணிபு. மதுரை மிஷன் 1847-இல் சாதியைக் கைவிடாதோருக்குச் சபையில் இடமில்லை எனத் தீர்மானித்தது. ஒரு சபையின் ஏட்டில் சாதி இருப்பதும் இல்லாமையும் அச்சபை போராடிய போராட்டத்தின் சுவடாகலாம். திருத்துவதற்குப் பதிலாகக் காட்டுவதில் காவல் வைக்கலாம். தம் வழிமரபைத் தேடுவோருக்கு அவருக்குரிய வரியை மட்டும் படியெடுத்துத் தருதல் வேண்டும். ஏடு முழுவதையும் கைப்பேசியில் படம் பிடிக்க எவரையும் விடலாகாது. நூறாண்டு கடந்த ஏடுகளை மட்டும் ஆய்வாளருக்குத் திறந்துவிடலாம். இங்கிலாந்தின் குடிமதிப்பு விதி இதற்கு நல்ல அளவுகோல்.

புதிதாக எழுதுவதிலும் கவனம் தேவை. தொழில் என்னும் கட்டத்தில் கூலி என்ற ஒரு சொல்லை எழுதி முடித்துவிடுவது நம் வழக்கம். 1841-இல் ஆங்கிலக் கணக்காளர்களும் விவசாயக் கூலி என்பதையே சுருக்கி இரண்டு அசையாக எழுதித் தள்ளினர். பெண்களின் வேலைக்கான இடத்தைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டனர். ஏலக்காய் எடுப்பவர், கொழுந்து பறிப்பவர், ஜீப்பு ஓட்டுநர் என்று எழுத நமக்கு இன்னும் அரை நிமிடம் ஆகும். தாயின் பெயருக்கு எதிரிலும் அவ்வாறே எழுத வேண்டும். அம்மலைகளில் கொழுந்தைப் பறிப்பவரும் ஏலக்காயை எடுப்பவரும் பெரும்பாலும் பெண்களே. அச்சிட்ட படிவத்தில் அதற்கு இடமில்லையெனில் ஓரத்தில் எழுதலாம்.