லாரி ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு

பயிற்சிச் செலவை முதலாளியே ஏற்றுக்கொண்டு லாரி ஓட்டுநர் வேலை தருவது நல்ல வாய்ப்புதான். ஆனால் சட்டப்படி வயது 20 நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். ஆகவே முதலில் கார் உரிமம் எடுத்துவிடுங்கள். 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கிளீனராக ஏறிப் பழகுவதைவிட, 2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மையத்தில் 6 வாரங்களில் 38 மணி நேரம் கற்பது மேல். அந்தச் சான்றிதழ் எந்த முதலாளியிடமும் செல்லும்.

கையெழுத்துப் போடுமுன் பயிற்சிச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் பார்த்த மாதங்களுக்குக் கழிவு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் இந்தியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அசல் உரிமத்தை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் வேறு வேலைக்கும் போக முடியாது.