ஒரு வண்டியின் ஹெட், மற்றொரு வண்டிக்கு

‘சிலிண்டர் தலை’ என்று நான் மொழிபெயர்த்துவிடலாம். பட்டறையில் அச்சொல் செல்லாது. ஆகவே ஹெட் என்றே கூறுவோம்.

பிரிட்டனில் 1951-ல் 803 சி.சி. அளவில் வெளிவந்த ஆஸ்டினின் ‘ஏ’ வரிசை எஞ்சின், 1964-ல் 1275 சி.சி.யாக வளர்ந்தது. போல்ட்டுத் துளைகள் பெரும்பாலும் ஒத்திருப்பதால், பழைய மினியின் 998 சி.சி. எஞ்சின்மீது 1275-ன் ஹெட்டைப் பூட்டும் ஆசை பலருக்கு எழுகிறது. அதன் வால்வுகள் பெரியவை. எஞ்சின் தாராளமாக மூச்சு வாங்கும்.

ஆயின் துளைகள் பொருந்தினால் ஹெட்டும் பொருந்திவிட்டது எனக் கொள்ளலாகாது. 1275-ன் சிலிண்டர் விட்டம் 70.6 மில்லிமீட்டர், 998-க்கோ 64.6. எனவே புகைபோக்கும் வால்வு கீழிறங்குகையில் சிலிண்டருக்குள் செல்லாது, பிளாக்கின் விளிம்பில் மோதும். அதன் தண்டு வளைந்துவிடும். அவ்விளிம்பில் பிறைபோன்ற பள்ளம் குடைந்தாக வேண்டும். அப்பள்ளமும் பிஸ்டனின் மேல்வளையம் ஏறும் எல்லையை எட்டலாகாது. இத்தொல்லையை விரும்பாதவர், நேராகவே அமரும் 998 கூப்பரின் ஹெட்டைத் தேடுவதே மேல் என்பேன்.

அமுக்க விகிதம் மற்றொரு சிக்கல். பிஸ்டன் உச்சியில் நிற்கையில் அதன்மேல் 40 சி.சி. இடம் எஞ்சுவதாகக் கொள்வோம். 318 சி.சி. கொள்ளும் 1275-ன் சிலிண்டரில் விகிதம் ஏறத்தாழ 9; 249 சி.சி. கொள்ளும் 998-லோ 7.2 தான். பெரிய ஹெட் பூட்டியும் வண்டி சோர்ந்து நிற்பது இதனாலேயே. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி அவ்விடத்தைக் குறைப்பர்.

பூட்டி முடித்ததும் சாவியைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுழற்றுங்கள். எங்கேனும் தடுத்தால் வலிந்து திருப்பாமல், ஹெட்டை மீண்டும் இறக்கிப் பாருங்கள்.