பின்கட்டுச் சிறுமி தரும் இங்கிலீஷ் பாடம்

இங்கிலீஷ் உபாத்தியாயர் என்ற முறையில் இருபது வருஷமாக நாம் திருத்தி வரும் பிழை ஒன்று உண்டு. 'டயரி' என்று எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் 'டெய்ரி' என்று எழுதிவிடுவார்கள். 'ஐ' என்னும் எழுத்தும் 'ஏ' என்னும் எழுத்தும் இடம் மாறியதன் பலனாக நாட்குறிப்பு பால் பண்ணையாகிவிடும்! சிவப்பு மசியால் அடித்துத் திருத்துவோம். மறு வாரம் மாடு மறுபடியும் வந்து நிற்கும்.

நோட்டுப் புத்தகத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப் பக்கம் இங்கிலீஷ் சொல்லையும் வலப் பக்கம் தமிழ்ப் பொருளையும் எழுதி நெட்டுருப் போடுவது நமது பள்ளிக்கூடங்களின் நெடுநாளைய வழக்கம். பரீட்சை முடிந்தால் சொற்களும் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகின்றன. இதில் வியப்பில்லை. முகம் தெரியாத மனிதரின் பெயர் எத்தனை நாள் நினைவில் நிற்கும்? சொல்லுக்கும் ஒரு முகம் வேண்டும். இதை எண்ணிச் சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். அகராதியை மூடி வைத்துவிட்டு ஒரு சிறுமியின் வாழ்க்கையைத் திறந்தோம். அவள் பெயர் ஆன் பிராங்க்.

வாயாடியின் கட்டுரை

ஆன் 1929-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தபின், தந்தை ஓட்டோ பிராங்க் தேசத்தைத் துறந்து ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிழைப்புத் தேடிக்கொண்டார். ஜாம் இறுகுவதற்குச் சேர்க்கும் 'பெக்டின்' என்ற சரக்கை விற்பது அவர் தொழில். மனைவி எடித்தும், மார்கட், ஆன் என்ற இரு பெண்களும் அவரிடம் வந்து சேர்ந்தனர்.

பள்ளிக்கூடத்தில் ஆன் ஓயாமல் பேசுவாள். பொறுமை இழந்த கணக்கு வாத்தியார், 'வாயாடி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரும்படி தண்டனை விதித்தார். பேச்சு தாயாரிடமிருந்து வந்த பரம்பரைக் குணம், அதற்குத் தாம் என்ன செய்வது என்று அவள் வாதாடி எழுதினாள். இரண்டாம் தண்டனை, மூன்றாம் தண்டனை என்று நீண்டது. மூன்றாவதைத் தோழியின் உதவியுடன் பாட்டாகவே எழுதிக் கொடுத்தாள். வாத்தியார் சிரித்துவிட்டார். அதன்பின் தண்டனையே இல்லை!

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'சாட்டர்பாக்ஸ்' என்று எழுதினோம். 'சாட்டர்' என்பது சளசளப்பு. 'பாக்ஸ்' என்பது பெட்டி. வகுப்பு முழுவதும் கடைசிப் பெஞ்சியிலிருந்த ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல்லை இனி யாரும் மறக்க மாட்டார்கள்.

ஊர் அடங்காத ஊரடங்கு

அடுத்த சொல் சிரிப்புக்கு இடமில்லாதது. 1940-ம் வருஷம் மே மாதம் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. யூதர் மீது தடைமேல் தடை வந்தது. யூதக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். 1942 மே மாதம் முதல் உடையில் மஞ்சள் நட்சத்திரம். டிராம் வண்டியில் ஏறக் கூடாது. சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டும். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியே தலைகாட்டக் கூடாது.

இந்தக் கடைசித் தடைக்கு இங்கிலீஷில் 'கர்பியூ' என்று பெயர். 'நெருப்பை மூடு' என்னும் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. இரவு மணி அடித்ததும் அடுப்பை மூடிவிட வேண்டும் என்பது அக்காலத்து ஐரோப்பிய நகரங்களின் விதி. நாம் 'ஊரடங்கு' என்கிறோம். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் எட்டு மணிக்கு ஊர் அடங்கவில்லை. ஊரில் ஒரு ஜனத்தார் மட்டும் அடங்கவேண்டியிருந்தது. சொல்லின் பொருள் அகராதியில் இருக்கிறது. அதன் அநீதி வாழ்க்கையில்தான் இருக்கிறது.

பின்கட்டு

1942 ஜூன் 12-ந் தேதி, பதின்மூன்றாம் பிறந்த நாளன்று, சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட ஒரு புத்தகம் ஆனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதுவே அவள் டயரி. 'கிட்டி' என்று பெயரிட்டு ஒரு தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோல் அதில் எழுதினாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 5-ந் தேதி, ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வரும்படி பதினாறு வயது மார்கட்டுக்கு உத்தரவு வந்தது. மறுநாள் காலை, கொட்டும் மழையில், உடைமேல் உடை உடுத்துக்கொண்டு குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பியது. பெட்டி எடுத்துச் சென்றால் சந்தேகம் வருமல்லவா?

'ஹைட்', 'ஹிட்', 'ஹிட்டன்' என்ற வினை வடிவங்களை அன்று வகுப்பில் எழுதினோம். "கண்ணாமூச்சி ஆட்டத்தில் சொல்கிற 'ஹைட்' தானே, ஸார்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அதே சொல்தான் என்றோம். கண்ணாமூச்சியில் கண்டுபிடிக்கப்பட்டவன் அடுத்த ஆட்டம் ஆடலாம். இங்கே அடுத்த ஆட்டம் கிடையாது.

ஒளிந்த இடம் பிரின்ஸன்கிராஹ்ட் என்ற கால்வாய்க் கரையில் 263-ம் எண் கட்டடம். முன்புறம் தந்தையின் ஆபீஸும் கிடங்கும். பின்புறத்துப் பகுதிக்குச் செல்லும் வழியை ஒரு புத்தக அலமாரி மறைத்தது. அலமாரியே கதவு. எட்டுப் பேர் அங்கே ஒளிந்து வாழ்ந்தனர். மீப் கீஸ் முதலான ஆபீஸ் ஊழியர்கள் தங்கள் உயிருக்குத் துணிந்து உணவும் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 'ஹெல்ப்பர்' என்ற எளிய சொல்லுக்கு இதைவிட உயர்ந்த உதாரணம் நமக்குத் தெரியாது.

அந்தப் பின்பகுதியை இங்கிலீஷில் 'அனெக்ஸ்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆன் எழுதிய டச்சுச் சொல் 'அஹ்டர்ஹவுஸ்', அதாவது பின்வீடு. இங்கிலீஷ்காரர் திண்டாடிய இந்த இடத்தில் தமிழர் திண்டாட வேண்டியதில்லை. முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று நமது பழைய வீடுகளிலேயே அது இருக்கிறது. "எங்கள் தாத்தா வீட்டிலும் பின்கட்டு உண்டு, ஸார்" என்று ஒரு பெண் சொன்னாள். உடனே, அங்கே பகலெல்லாம் செருப்போசையின்றி நடப்பதையும், ஆபீஸ் வேளையில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் அஞ்சுவதையும் அவளாகவே நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அவள் படித்த இங்கிலீஷ்

ஆன் தானும் நம் பிள்ளைகளைப் போல இங்கிலீஷ் படித்தவளே. தாய்மொழி ஜெர்மன், எழுதியது டச்சு, பின்கட்டில் இங்கிலீஷும் பிரெஞ்சும் பயின்றாள். தந்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கன்ஸ் படிப்பார். படித்த நூல்களில் மனத்தைக் கவர்ந்த வாக்கியங்களைத் தனி நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. எந்தப் பரீட்சைக்காக? எந்த உத்தியோகத்துக்காக? வெளியே வந்தபின் பத்திரிகையாளராக, எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். 1944 ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கிய செய்தியை லண்டன் ரேடியோ அறிவித்தது. 'டி-டே' என்ற அந்த இங்கிலீஷ் சொல்லை அப்படியே அவள் டயரியில் எழுதினாள்.

திருத்த முடியாத வாக்கியம்

ஆகஸ்டு 1-ந் தேதியோடு டயரி நின்றுவிடுகிறது. 4-ந் தேதி எட்டுப் பேரும் பிடிபட்டனர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஆனும் மார்கட்டும் பெர்கன்-பெல்ஸன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1945-ன் தொடக்க மாதங்களில், சில வாரங்களே மீதியிருக்க, இருவரும் அங்கே மாண்டனர். ஏப்ரல் 15-ந் தேதி பிரிட்டிஷ் படை வந்து முகாமை விடுவித்தது.

'லிபரேட்' என்ற வினையை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னோம். 'ஆன் வாஸ் லிபரேட்டட்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். இலக்கணம் சுத்தம், எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் சரி என்று குறியிட நமது பேனா எழவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "தேதியைப் பார்" என்று மட்டும் சொன்னோம். பார்த்துவிட்டு அவன் நெடுநேரம் தலைநிமிரவில்லை. பிறகு அவள் பெயரை அடித்துவிட்டு 'தி கேம்ப்' என்று எழுதினான்.

நமது சக ஆசிரியர் ஒருவர், "ஒரு குழந்தையின் மரணத்தைக் கொண்டு சொற்பாடம் நடத்துவது தர்மமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெறும் மதிப்பெண்ணுக்காக நடத்தினால் தர்மமன்று. ஆனால் சொற்கள் எதற்காக இருக்கின்றன? மீப் கீஸ் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கி, படியாமல் பத்திரமாக வைத்து, எண்மரில் தனியொருவராக மீண்ட தந்தையிடம் கொடுத்தார். அது 1947-ல் டச்சிலும் 1952-ல் இங்கிலீஷிலும் புத்தகமாயிற்று. நாம் படிக்கும் இங்கிலீஷ் சொற்கள் அவளுடையவை அல்ல, மொழிபெயர்ப்பாளருடையவை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். அவள் மனத்தைத் திறந்து எழுதியது தனக்கு நன்கு பழகிய மொழியில். ஆகவே நமது பிள்ளைகளையும் முதலில் தமிழில் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறோம். பிறகு தினம் ஒரு வாக்கியம் மட்டும் இங்கிலீஷில்.

பெற்றோர்களும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். 'டெய்ரி' முழுவதும் ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை; இரண்டொரு மாடுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 'லிபரேட்' என்ற சொல்லை எழுதும்போது எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றுதான் எழுதுகிறார்கள்.