பூங்காவுக்கும் ஒரு ‘பாடு’ வேண்டும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள அனுப்பம்பட்டில், எங்கள் தெருப் பெரியவர்களுக்கு ரயில் நிலைய நடைமேடைதான் பூங்கா. சர்க்கரை நோயாளியான என் தந்தை நாள்தோறும் மாலையில் அங்கேதான் நடப்பார். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியதும் அந்த நடை நின்றது. கூடத்துக்கும் கொல்லைக்குமாக அவர் நடந்து பார்த்தார். புரட்டாசி பிறந்தபோது மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாற வேண்டியதாயிற்று.

அந்த மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. அவை உடற்பயிற்சிக்காகத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1 அன்றுதான். நோயின் தன்மை புலப்படாத தொடக்க வாரங்களில் அந்தப் பூட்டு நியாயமானதே. ஆனால், காற்றோட்டமற்ற அறைகளைவிடத் திறந்தவெளியில் தொற்றும் வாய்ப்பு வெகு குறைவு என்பது தெளிவான பின்னும் அது நீடித்தது.

திறந்தவெளியின் மறுபயன்பாடு

நம் நிர்வாகத்துக்கு வெளியிடங்களை மாற்றிப் பயன்படுத்தத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. திருச்சி காந்தி சந்தை மூடப்பட்டபோது, மொத்தக் காய்கறி வணிகம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாறியது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியதும், 2020 மே மாதத்தில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை எழுந்தது. நியாயவிலைக் கடைகளில் நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வழங்கப்பட்டன. வாங்குவோரையும் விற்போரையும் இடைவெளிவிட்டு நிறுத்த முடிந்த நமக்கு, நடப்போரை நிறுத்த முடியாதா?

பிற நாடுகள் முயன்றன. நியூயார்க்கின் டொமினோ பூங்காவில் புல்வெளி மீது வெள்ளை வட்டங்கள் வரையப்பட்டன. ஒரு வட்டத்துக்குள் ஒரு குழுவினர் மட்டும் அமரலாம். சிங்கப்பூரின் பூங்கா வாரியம், எந்தப் பூங்காவில் எவ்வளவு கூட்டம் என்பதை இணையத்தில் காட்டியது.

வாயிலைப் பூட்டுவதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சான்று. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 20 முதல் அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும், அடுத்த சில வாரங்களில் சிங்கங்களைத் தொற்று பிடித்தது. முதலில் பரிசோதிக்கப்பட்ட 11 சிங்கங்களில் 9-க்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்னும் பெண் சிங்கம் இறந்தது; அதே மாதத்தில் இன்னொரு சிங்கமும் மடிந்தது. உள்ளே தொடர வேண்டிய பணிகளுக்கும் தனித் திட்டம் தேவை என்பதே இதன் பாடம்.

ஏரி கற்றுத்தரும் முறை

அப்படியொரு திட்டத்தின் அடிப்படையை எங்கள் பகுதி மீனவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. மீன்படும் இடங்கள் குறைவு, வலைகளோ அதிகம். எனவே எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதைச் சுழற்சி முறையில் வகுத்துக்கொள்கிறார்கள். ஏரியை யாரும் மூடுவதில்லை. எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறங்குவதுமில்லை.

பூங்காவுக்கும் இது பொருந்தும். அதிகாலை முதியோருக்கு, அடுத்த வேளை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், மாலை தெருவாரியாக என முறை வைக்கலாம். பலர் தொடும் ஊஞ்சலையும் உடற்பயிற்சிக் கருவிகளையும் மட்டும் மூடிவைத்து, நடைபாதையை ஒருவழியாக்கலாம். பூங்கா இல்லாத ஊர்களில் பள்ளி மைதானத்தையும் ஏரிக்கரையையும் ஊராட்சி இதே முறையில் திறந்துவிடலாம்.

‘பாடு’ முறைக்கும் குறை உண்டு: பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்தோருக்கு மட்டுமே அனுமதி என்றால், பூங்காவிலும் அதே அநீதிதான் நேரும். முறை அறிவிப்பு ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகச் சென்றால்தான் என் தந்தை போன்றோரை எட்டும்.

வெள்ளத்துக்கும் புயலுக்கும் முன்கூட்டியே திட்டம் வகுத்துவைக்கிறோம். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாரும் அறியோம். அது வருமுன், ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் திறந்தவெளிகளுக்கான முறைப்பட்டியலை எழுதி, கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். நடைப்பயிற்சியும் மருந்துதான், மருந்துக் கடைகளை நாம் ஒருநாளும் பூட்டியதில்லை.